பத்து, ஏழு, எண்பத்தாறு

பெர்சி யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள். தேவாலயப் பாடகர் குழுவில் மேல்குரலுக்கு ஆள் குறைகிறது என்று ஒருவரும், கீழ்க்குரலுக்கு ஆள் குறைகிறது என்று இன்னொருவரும் தனித்தனியே வந்து கேட்டபோது, இருவருக்கும் சரியென்று தலையாட்டிவிட்டாள். கிறிஸ்துமஸ் ஆராதனை முழுவதும் ஒரு வரியை இந்தப் பக்கம் நின்றும் அடுத்த வரியை அந்தப் பக்கம் நின்றும் பாடி முடித்தாள். பாடல் நன்றாக அமைந்ததென்று போதகர் பாராட்டவும் செய்தார். அவர் அன்று சற்றே முகம் சுளித்திருந்தால் பின்னால் வந்த தொல்லை எதுவும் வந்திருக்காது.

அவள் பார்த்து வந்ததோ, அப்படித் தலையாட்டுவதற்கு இடம் கொடாத வேலை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இயங்கிய சிறு நிறுவனத்தில் அவள் கிளவுட் நெட்வொர்க் பொறியாளர். வியாபாரிகள் தங்கள் கணக்கையும் சரக்கு விவரத்தையும் கடைக்குள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, எலி கடிக்குமோ மழை நனைக்குமோ என்று அஞ்சாமல், எங்கோ தொலைவில் குளிரூட்டிய கட்டடத்தில் இருக்கும் சர்வர்களில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்துக்கொள்ள உதவுவது அந்நிறுவனத்தின் தொழில். அந்த வாடகை இடத்துக்கும் கடைக்கும் நடுவே பாதை போடுவதும், எந்தச் செய்தி எந்தப் பாதையில் போகலாம் என்று விதி எழுதுவதும், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கதவிலக்கம் போல் ஒரு முகவரி கொடுப்பதும் பெர்சியின் பொறுப்பு.

அவளை நம்பித் தனியாக ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை ஜமீல் பாயுடையது. டவுனுக்குள் நெருக்கடியான தெருவொன்றில், பள்ளிப்பைகளும் குடைகளும் மொத்த விலைக்கு விற்கும் கடை அவருடையது. கடைக்குள் நுழைகிறவர்கள், தலைக்கு மேல் தொங்கும் பைகளுக்கு வழிவிட்டுக் குனிந்துதான் போகவேண்டும். ஜமீல் பாய் நல்ல உயரம். ஆகவே நாள் முழுவதும் யாருக்கோ மரியாதை செய்துகொண்டே இருப்பவர் போலத் தோன்றுவார்.

பெர்சி தன் வரைபடத்தை விரித்துப் பொறுமையாக விளக்கினாள். ஜமீல் பாயும் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்தபின் அவர் விரும்பியது ஒன்றே ஒன்று.

“ஏம்மா, அட்ரஸ்னு ஏதோ நம்பர் சொன்னியே, அதுல எழுநூத்தி எண்பத்தாறு வர்ற மாதிரிப் போட்டுக் கொடுத்துரு. அது பிஸ்மில்லாவோட நம்பரும்மா. நம்ம வண்டி, போனு, கேஸ் கனெக்‌ஷன் வரைக்கும் அதுதான்.”

அந்த முகவரியில் நான்கு பகுதிகள் உண்டு என்றும், எந்தப் பகுதியும் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது என்பது உலகம் முழுமைக்குமான விதி என்றும் பெர்சி பணிவாகத் தெரிவித்தாள். ஜமீல் பாயின் முகம் வாடிப்போயிற்று. பெரியவர் ஒருவரின் முகம் தன்னால் வாடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவசர அவசரமாக யோசித்து, பத்து, ஏழு, எண்பத்தாறு என்று தொடங்கும் முகவரிகளைத் தருவதாகச் சொன்னாள். ஏழையும் எண்பத்தாறையும் விரலால் மேசைமேல் சேர்த்து எழுதிப் பார்த்த ஜமீல் பாய் மாஷா அல்லாஹ் என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கையில், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை அவள் கைப்பைக்குள் வைத்தும் விட்டார்.

சில மாதங்கள் கழித்து அவருடைய தம்பி ஜுல்பிகர் அழைத்தார். தகப்பனார் காலமான பின் கடையைப் பாகம் பிரித்துக்கொண்டு பழங்காநத்தத்தில் அதே பை, குடை வியாபாரத்தை நடத்துகிறவர் அவர். சகோதரர்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. பெருநாள் தொழுகைக்கு ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். ஆனால் எந்த மாடல் பை புதிதாக வந்திருக்கிறது என்பதை மட்டும் ஒருவர் மற்றவரிடம் மூச்சுவிட மாட்டார்.

ஜுல்பிகர் பாயும் எழுநூற்று எண்பத்தாறு கேட்டார். இருநூற்று ஐம்பத்தைந்துக் கதையைக் கேட்டு அவர் முகமும் வாடியது. அதோடு ஒரு நிபந்தனையும் விதித்தார்: தம் கடை விஷயம் அண்ணனுக்குப் போகக்கூடாது, அண்ணன் கடை விஷயம் தமக்கு வேண்டாம்.

அந்த நிபந்தனைதான் பெர்சிக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நெட்வொர்க்குகளில் ஒரே முகவரி இருந்தால் தவறில்லை. ஆனையூரிலும் பழங்காநத்தத்திலும் ஆறாம் நம்பர் வீடு இருப்பதால் எந்தத் தபால்காரரும் குழம்புவதில்லை அல்லவா? இந்த இருவர் எந்தக் காலத்தில் ஒன்று சேரப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, அவருக்கும் பத்து, ஏழு, எண்பத்தாறையே கொடுத்தாள். சர்வர் முதல் கடையிலிருக்கும் பிரிண்டர் வரை எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து அமைத்தாள். ஜுல்பிகர் பாய் கொடுத்தது வறுத்த முந்திரி.

ஆனால் அவர்கள் ஒன்று சேரும் காலம் கோடை விடுமுறையிலேயே வந்துவிட்டது. இருவருக்கும் நடுவில் பிறந்தவர் ஹஃபீஸா. இரண்டு கடைகளுக்கும் பொதுவான குடோனை ஆனையூரில் நிர்வகிப்பவர் அவர்தான். பள்ளி திறக்கும் சீசன் நெருங்க நெருங்க, ஒரு காதில் அண்ணனும் மறு காதில் தம்பியுமாகப் போனிலேயே பொழுது போகிறது என்று சலித்துப்போன ஹஃபீஸா, மூன்று இடங்களையும் ஒரே கிளவுடில் இணைத்துத் தரும்படி பெர்சியின் மேலாளர் ஆன்றோவைக் கேட்டுக்கொண்டார். கடைக்காரர் கேட்ட சரக்குக்குக் குடோனில் பொத்தானை அழுத்தினால், சரக்குச் சீட்டு அந்தந்தக் கடையின் பிரிண்டரில் வந்து விழவேண்டும். ஆன்றோ மகிழ்ச்சியோடு வேலையைப் பெர்சியிடம் கொடுத்து, இதை நன்றாக முடித்தால் அவள் இனி வாடிக்கையாளர் புகார் கேட்கும் ஹெல்ப்டெஸ்க் போனை எடுக்கவே வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அந்தக் கணமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் அப்போது அத்தனை மலர்ச்சி இருந்தது.

ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால், நடுவிலிருக்கும் பாதை ஏதாவது ஓரிடத்துக்குத்தான் செய்தியைக் கொண்டுபோகும். பெர்சி யோசித்தாள். பாடகர் குழு நினைவுக்கு வந்தது. குடோனிலிருந்து டவுனுக்கு வண்டி காலையில் போகிறது, பழங்காநத்தத்துக்குப் பிற்பகலில் போகிறது. ஆகவே முற்பகலில் பாதை அண்ணன் கடையைப் பார்க்கவும், பிற்பகலில் தானாகத் திரும்பித் தம்பி கடையைப் பார்க்கவும் ஒரு கட்டளை எழுதி வைத்தாள். அது வேலையும் செய்தது. ஹஃபீஸா போன் செய்து வாழ்த்தினார்.

ஒருநாள் வண்டியின் டயர் பஞ்சரானது.

ஜமீல் பாயின் சரக்கு அன்று பிற்பகலில்தான் கிளம்பிற்று. சீட்டு, விதிப்படி, பழங்காநத்தத்தில் போய் அச்சாயிற்று. ஜுல்பிகர் பாய் அதை எடுத்துப் படித்தார். இறக்கை முளைத்த குதிரைப் படம் போட்ட ஊதா நிறப் பள்ளிப்பைகளை அண்ணன் மூட்டை மூட்டையாக வரவழைத்திருந்தார். அண்ணன் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார் என்பதில் ஜுல்பிகர் பாய்க்கு அசைக்க முடியாத நம்பிக்கை. உடனே குடோனை அழைத்து, மிச்சமிருக்கும் ஊதாப் பைகள் அனைத்தையும் தமக்கு அனுப்பச் சொன்னார். மறுநாள் ஜமீல் பாய் இன்னொரு சுற்று கேட்டபோது குடோனில் ஊதா நிறத்தில் ஒரு நூல்கூட இல்லை; எல்லாம் தம்பி கடைக்குப் போயிருந்தது.

அவர் தங்கையிடம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். “நீயா சொன்ன, ஹஃபீஸா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். இத்தனை காலம் இருவர் ரகசியத்தையும் இரு கையில் ஏந்திக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் நடந்த பெண்மணி அவர். அண்ணன் கடைக்குரிய சீட்டு அங்கே வந்து விழவேயில்லை என்று ஆன்றோவை அழைத்துச் சொன்னபோது ஹஃபீஸாவின் குரல் உடைந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இதைச் சீர்செய்யாவிட்டால், எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையபடி போனுக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னார்.

பெர்சி ஆன்றோவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பாதை நேரம் பார்த்துத் திரும்புகிற கட்டளையைப் படித்த ஆன்றோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டு, ஒரு ‘இல்ல’ சொல்ல வராதா உனக்கு? இன்னைக்குச் சேராதது நாளைக்குச் சேரும்னு வச்சுத்தான் டிசைன் பண்ணணும். யாராச்சும் ஒருத்தரு அந்த நம்பர விட்டாகணும். நீயே போய்ச் சொல்லு. நான் வந்தா கம்பெனி வந்து புடுங்குன மாதிரி ஆயிரும்.”

சொல்லத் தவறினால் ஹெல்ப்டெஸ்க் நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

பெர்சி முதலில் டவுனுக்குப் போனாள். ஜமீல் பாய் அவளைக் கண்டதும் எழுந்து, பைகளுக்குக் கீழே குனிந்தபடி வரவேற்று, அந்த முகவரி வந்த நேரம் கடைக்கு நல்ல நேரம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் அவளை அறிமுகமும் செய்துவைத்தார். பெர்சி வாயைத் திறந்தாள். குடை நன்றாயிருக்கிறது என்ற வாக்கியம்தான் வெளியே வந்தது. ஒரு குடையோடு வெளியேறினாள். பழங்காநத்தத்திலும் அதே கதை. சித்திரை வெயிலில் கக்கத்தில் இரண்டு மடித்த குடைகளோடு பேருந்தில் வந்தவளைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

வேறு வழியின்றி ஹஃபீஸாவிடம் போய் நின்றாள். அவர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, அப்படியானால் தாம் சொல்லவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியவேண்டும், அதுதான் முதல் காரியம் என்றார். புதன்கிழமை இருவரையும் குடோனுக்கு வரச் சொன்னார்.

அட்டைப் பெட்டிகளின் மேல் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். பெர்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். தவறு தன்னுடையது, சீட்டு வழிமாறிப் போனது, அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, இரு கடைக்கும் ஒரே முகவரி இருப்பதால் ஒருவர் விட்டுத்தர வேண்டும் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இனி இடி விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

இடி விழவில்லை. ஜமீல் பாய் எழுந்துபோய்த் தங்கையின் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். தாம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தார். ஹஃபீஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேட்டாச்சுல்ல, இனி என்ன என்றார். ஆனால் எழுந்து போய்விடவில்லை. அதன்பின் ஜமீல் பாய் தொண்டையைச் செருமினார்.

“நம்பர் தம்பிக்கே இருக்கட்டும்மா. நான் மாத்திக்கிறேன்.”

பெர்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஜுல்பிகர் பாய் கையை உயர்த்தினார். மூத்தவர் இருக்கும்போது இளையவன் வைத்துக்கொள்வது முறையல்ல, அண்ணனுக்கே இருக்கட்டும் என்றார். அது தம் நிய்யத், மனப்பூர்வமாக எடுத்த உறுதி என்று ஜமீல் பாய் சொன்னார். தம்முடையதும் அதேதான் என்றார் தம்பி. இருவர் குரலும் படிப்படியாக உயர்ந்தன. சண்டை போட்டால் விலக்கிவிடலாம். இவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை எப்படி விலக்குவது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

“எப்பயும் நீங்களே விட்டுக் கொடுப்பீங்கண்ணே,” என்று ஜுல்பிகர் பாய் கடைசியில் வெடித்தார். “பாகம் பிரிக்கயில மெயின் ரோட்டுக் கடைய எனக்கு விட்டீங்க. ஊரு பூராம் உங்களத் தங்கம்னுச்சு. என்னைய என்னன்னுச்சு? அண்ணன்ட்ட வாங்கித் தின்னவன்னுச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் விட்டுக் குடுக்கக் கூடாதா?”

ஜமீல் பாய் திகைத்துப்போனார். “அதுக்காக நான் தம்பிகிட்டப் புடுங்குனவன்னு பேரு வாங்கணுமாடா?”

ஹஃபீஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் இரண்டு கடையும் பூட்டியிருக்கும், அந்த நேரத்தில் பெர்சி எதைச் செய்கிறாளோ அதுதான் முடிவு, ஷட்டரை இறக்குங்கள், ஆனால் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள் என்று தீர்ப்புச் சொல்லி இருவரையும் எழுப்பி அனுப்பினார்.

அன்று மாலையே ஜமீல் பாய் பெர்சிக்குப் போன் செய்தார். நம்பரைத் தம்பிக்கே கொடுத்துவிடச் சொன்னார். தாம் சொன்னதாக வெளியே தெரியவேண்டாம் என்றார். சிறிது யோசித்து, தானாகத் தெரிந்தால் பாதகமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பெர்சி சரிங்க பாய் என்றாள். அவர் வைத்ததும் ஜுல்பிகர் பாய் அழைத்தார். நம்பரை அண்ணனுக்கே கொடுத்துவிட்டு, தம்பி விட்டுக்கொடுத்தார் என்று அண்ணன் கடையில் நாலு பேர் இருக்கும்போது சொல்ல முடியுமா என்று கேட்டார். பெர்சி சரிங்க பாய் என்றாள்.

போனை வைத்தபின்தான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. மறுபடியும் இருவருக்கும் சரி. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வியாழன் முழுவதும் அவள் திரையை விட்டு நிமிரவில்லை. என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்த ஆன்றோ, ஒரு வீட்டுக்குப் பதில் இரண்டு வீட்டையும் இடித்துக் கட்டுவதாகச் சொல்லி, இரட்டை வேலை எதற்கு என்று வியந்தார். இதுதான் சரி சார் என்றாள் பெர்சி. அவள் குரலில் அதற்கு முன் கேட்டிராத ஏதோ ஒன்று இருந்ததால் அவர் மேற்கொண்டு வற்புறுத்தாமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை குடோன் மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். பாங்கு ஒலித்தது. இரு கடைகளிலும் ஷட்டர் இறங்கியதாகச் செய்தி வந்ததும், முந்தைய நாளே கட்டி முடித்திருந்த புதிய நெட்வொர்க்குகளுக்கு ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். டவுன் கடைக்கு யாருக்கும் எந்த உறவுமில்லாத ஒரு புதிய எண் வரிசை. பழங்காநத்தத்துக்கு அதுபோலவே வேறொன்று. பில் கம்ப்யூட்டர்களும் பிரிண்டர்களும் பழைய முகவரியை விட்டுப் புதியதை வாங்கிக்கொண்டன. நேரம் பார்த்துத் திரும்புகிற அந்த வெட்கங்கெட்ட கட்டளையை அழித்தாள். சோதனைச் சீட்டுகளை அனுப்பிவிட்டு, கடை திறக்கிறவர்கள் பார்த்துச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

தொழுகை முடிந்து சகோதரர்கள் இருவரும் நேராகக் குடோனுக்கே வந்துவிட்டார்கள். சீட்டுகள் சரியான கடைகளில் விழுந்திருப்பதாகக் கடையாட்கள் அதற்குள் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஸலாம் சொல்லி அமர்ந்து, மற்றவர் கேட்கட்டும் என்று அவளையே பார்த்தார்கள்.

“யாருக்கும்மா போட்ட?” என்று ஜமீல் பாய்தான் கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் இல்லைங்க பாய்.”

நான் போனில் சொன்னேனே என்று ஜமீல் பாய் தொடங்க, நானும் சொன்னேனே என்று ஜுல்பிகர் பாயும் தொடங்க, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெர்சி லேப்டாப்பை மூடினாள். “ரெண்டு பேர்ட்டயும் சரின்னு சொன்னது என் தப்புங்க. ஒருத்தருக்குக் குடுத்து இன்னொருத்தர்ட்ட எடுக்க என்னால முடியாது. ரெண்டு பேருமே விட்டுக் குடுத்துட்டீங்க. அம்புட்டுத்தான் பாய்.”

ஜமீல் பாய் தாடியைத் தடவியபடி, அப்படியென்றால் தாம் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். ஆம் என்றாள். தம்முடையது செல்லுமா என்றார் ஜுல்பிகர் பாய். அதுவும் செல்லும் என்றாள். இருவரும் சற்று நேரம் அந்தக் கணக்கை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஜமீல் பாய் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய், தம்பிக்காகத் தாம் ஒரு நம்பரையே விட்ட கதையை யாரோ நண்பருக்குச் சொல்லத் தொடங்கினார். ஜுல்பிகர் பாய் பின்வாசல் பக்கம் போனார். அங்கிருந்தும் அண்ணனுக்காக என்ற சொல் பலமுறை கேட்டது.

ஹஃபீஸா நெய்ச்சோற்றுச் சட்டியைத் திறந்து, பெர்சிக்கு முதலில் பரிமாறினார். பரிமாறிக்கொண்டே, அந்த நம்பர் இப்போது சும்மாதானே கிடக்கிறது, குடோனுக்குப் போட்டுவிடலாமே என்று ஆசையாகக் கேட்டார்.

பெர்சி கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

“முடியாதுக்கா. பழைய பாதை எங்கயாச்சும் மிச்சமிருந்தா மறுபடி குழம்பிரும். இனிமே அது யாருக்கும் கிடையாது.”

ஹஃபீஸா கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். அவர் முகமும் கொஞ்சம் வாடத்தான் செய்தது. பெர்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னதை மாற்றவில்லை. பிறகு ஹஃபீஸாவே சிரித்துவிட்டு, சரி, சோறாவது இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள் என்றார்.

“வேணாம்க்கா, போதும்,” என்றாள் பெர்சி, அதே உறுதியோடு.

அதற்குள் இரண்டு கரண்டி விழுந்துவிட்டிருந்தது.